மாற்றுச் சிறுநீரகத்துக்கான பரிசோதனைகள்: எந்த வழியாகப் போவது?

"மாற்றுக்கான பரிசோதனைகளைத் தொடங்கிவிடலாமா?" என்று மருத்துவர் கேட்டபோது, "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அதற்கு நான்கு மாதம் ஆயிற்று. உண்மையில் வீட்டில் யாரும் எதையும் பேசவில்லை. சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்குத் தலையாட்டினால் அறுவைக்கும் தலையாட்டியதாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. எல்லாச் சோதனையும் முடிந்து, காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறி, "சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, புறப்பட்டு வாருங்கள்" என்று தொலைபேசியில் அழைத்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொல்லத்தான் முடியாது. அதற்குப் பல மாத வேலை முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே மாற்றா, டயாலிசிஸா என்ற பெரிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அதற்கு முன்னால் வரும் சில்லறைக் கேள்விகள்தான் மனிதரைத் தூங்கவிடாமல் செய்கின்றன. எப்போது தொடங்குவது, சிறுநீரகத்தை யாரிடம் கேட்பது, எந்தச் சோதனையை முதலில் முடிப்பது, எதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது, முடியாது என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. எனக்கு எது சரியென்று படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உடலை அறிந்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்.

டயாலிசிஸுக்கு முன்பா, பின்பா?

சிறுநீரகங்களின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஜிஎஃப்ஆர் என்ற எண் 30-க்குக் கீழே இறங்கி, மேலும் இறங்கும் என்று தெரிந்தால் மாற்று பற்றிய பேச்சை எடுத்துவிடலாம். சிறுநீரக மருத்துவத்துக்கான 'கேடிகோ' என்ற பன்னாட்டு அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, டயாலிசிஸ் தேவைப்படும் என்று கணிக்கப்படும் காலத்துக்கு 6 முதல் 12 மாதம் முன்பே நோயாளியை மாற்று மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது. இறந்தவரின் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் சேர்க்கப் பல மையங்கள் 20 என்ற எண்ணை எல்லையாக வைத்திருக்கின்றன.

முன்கூட்டியே தொடங்கியவருக்குக் கொடையாளரும் அமைந்துவிட்டால், டயாலிசிஸ் ஊசியே படாமல் மாற்றுக்குப் போய்விட முடியும். டயாலிசிஸில் கழியும் காலம் நீள நீள, பிறகு செய்யும் மாற்றின் பலனும் சராசரியாகக் குறைகிறது என்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட விஷயம். ஆனால் இந்த வழியிலும் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும்போது, "இப்போது என்ன அவசரம்?" என்று வீட்டில் கேட்பார்கள், உங்களுக்கே அப்படித்தான் தோன்றும். இதய ரத்தக்குழாய்களைப் பார்க்க ஆஞ்சியோகிராம் தேவை என்றால், அதில் செலுத்தும் சாயம் மிச்சமிருக்கும் சிறுநீரகத் திறனையும் கெடுத்துவிடுமோ என்ற பயம் டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில்தான் அதிகம். சாயம் தேவைப்படாத சோதனையால் வேலை முடியுமா, முடியாதென்றால் சாயத்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். தவிர, இதயச் சோதனைகளும் தொற்றுச் சோதனைகளும் காலாவதியாகக்கூடியவை. மாற்று தள்ளிப்போனால் அவற்றை மறுபடி செய்ய வேண்டும்.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். மையத்தில் செய்யும் டயாலிசிஸ் வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். போய்வருவதும், வந்து படுத்துக்கொள்வதும் சேர்ந்தால் அந்த மூன்று நாளும் போயிற்று. மீதி நாட்களில்தான் பல் மருத்துவர், இதய மருத்துவர், ஸ்கேன் எல்லாம். நான் இந்த வழியில் போக நேர்ந்தவன். சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே ஒரு நன்மையைச் சொல்லலாம். உடம்பில் நீர் கோத்திருந்தபோது எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் என் இதயம் படுமோசமாகத் தெரிந்தது. டயாலிசிஸில் நீர் வடிந்து எடை நிலைப்பட்ட பிறகு எடுத்ததில் அது வேறொருவர் இதயம் போல இருந்தது. நீங்கள் டயாலிசிஸில் இருந்தால், எக்கோவை டயாலிசிஸுக்கு மறுநாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்பதா, காத்திருப்பதா?

எல்லாவற்றிலும் கடினமான முடிவு இதுதான்.

எண்களைப் பார்த்தால் குழப்பத்துக்கே இடமில்லை. உயிரோடு இருப்பவர் தரும் சிறுநீரகம் பொதுவாக 15 முதல் 20 ஆண்டும், இறந்தவரிடமிருந்து பெறுவது 10 முதல் 15 ஆண்டும் உழைக்கும் என்று சொல்வார்கள். முன்னதைப் பொருத்திய அப்போதே, அறுவை மேசையிலேயே, சிறுநீர் வருவது சகஜம். பின்னது விழித்துக்கொள்ளச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை டயாலிசிஸும் தொடரலாம். உயிருள்ள கொடையாளர் என்றால் நாளை முன்பே குறித்துக்கொள்ளலாம். பட்டியலில் இருப்பவருக்கு எந்த நாள் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆனால் "உன் சிறுநீரகத்தைக் கொடு" என்று கேட்க வாய் வருமா? எனக்கு வரவில்லை. கேட்காமல் இருப்பதே கண்ணியம் என்று கொஞ்ச காலம் இருந்தேன். பிறகுதான் உறைத்தது. கேட்காமல் இருப்பதன் மூலம் எல்லோருக்குமான பதிலையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேராகக் கேட்பதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு: நிலைமையை மட்டும் சொல்வது. "எனக்கு இந்த நோய், இந்தக் கட்டம், மாற்று செய்தால் நல்லது என்கிறார்கள், கொடையாளருக்கு என்னென்ன சோதனை என்று இந்தத் தாளில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். அதுவும் முடியாதென்றால் நண்பர் ஒருவர் உங்களுக்காகப் பேசலாம். அப்படிப் பேசுவது பல வகையில் மேல். பதில் சொல்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

கொடையாளருக்கு வரக்கூடிய ஆபத்தையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். அறுவையால் உயிர் போகும் வாய்ப்பு 10,000 பேரில் 3 அல்லது அதற்கும் குறைவு. பின்னாளில் கொடையாளருக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பை 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வாழ்நாள் கணக்கில் 10,000 பேருக்கு 90 என்று மதிப்பிட்டது. அதே அளவு ஆரோக்கியத்தோடு இருந்து, தானம் தராதவர்களில் அது 14. சிறிய எண்தான் என்றாலும் பூஜ்யமில்லை. அதனால்தான் கொடையாளருக்கான சோதனைகள் நம்முடையதைவிடக் கறாராக இருக்கின்றன. 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு, சர்க்கரைச் சோதனை, இரண்டு சிறுநீரகங்களின் ரத்தக்குழாய்களையும் காட்டும் சிடி ஸ்கேன் என்று அவர்கள் பாடும் திண்டாட்டம்தான். நல்ல மையங்களில் உங்களைப் பார்க்கும் மருத்துவர் கொடையாளரின் தகுதியை முடிவு செய்ய மாட்டார். கொடையாளரின் நலனை மட்டும் பார்க்கத் தனியாக ஒருவர் இருப்பார். கொடையாளர் எந்தக் கட்டத்திலும் விலகலாம். விலகினால் "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டுமே நமக்குச் சொல்வார்கள்.

என் அக்கா தானாகவே முன்வந்தாள். இரண்டாம் சுற்றுச் சோதனைக்குப் பிறகு அந்த ஒற்றை வரி எனக்கு வந்தது. உண்மையிலேயே ஏதோ கண்டுபிடித்தார்களா, அவளுக்கு மனம் மாறியதா, எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை. அந்த ஏற்பாட்டின் அருமை அன்றுதான் புரிந்தது. அக்காவும் நானும் இப்போதும் பழையபடி சண்டை போட்டுக்கொள்கிறோம்.

இந்தப் பரிசோதனைகளின் முன்கதை சுவாரசியமானது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரே தலைமையிலான குழு ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தியது. நீண்ட நாள் உழைத்த முதல் மாற்று அதுதான். திசுப் பொருத்தம் பார்க்கும் சோதனை அப்போது கிடையாது. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள்தானா என்று உறுதி செய்ய, ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். கைரேகை எடுக்கக் காவல் நிலையத்துக்கும் அனுப்பினார்கள். ரிச்சர்ட் 8 ஆண்டு வாழ்ந்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு ரொனால்ட் 2010 வரை இருந்தார். அவர்கள் கைரேகை கொடுத்ததை நினைத்துக்கொண்டால், ஒரே நாளில் பதினைந்து குழாய் ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும்.

இன்று ரத்த வகை, எச்எல்ஏ என்ற திசு வகை, கிராஸ் மேட்ச் ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கொடையாளரின் செல்களைத் தாக்கும் எதிர்ப்பொருட்கள் உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவா என்பது கேள்வி. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், முன்பு ஒரு மாற்று செய்துகொண்டவர்கள், ஒருமுறையேனும் கருவுற்றிருந்த பெண்கள் ஆகியோருக்கு அவை இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கணவர் சிறுநீரகம் தர முன்வந்தால் இந்தச் சோதனை ஒத்துவராமல் போக இதுவே காரணமாகலாம். குழந்தை வழியே அப்பாவின் திசு அடையாளங்களை அவள் உடம்பு முன்பே சந்தித்திருக்கிறது. சோகைக்கு ரத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், "மாற்றுக்குப் பரிசோதனை நடக்கிறது, ஊசி மருந்தால் சமாளிக்க முடியாதா?" என்று கேட்பதும் இதனால்தான்.

கொடையாளர் இருக்கிறார், ஆனால் பொருந்தவில்லை என்றால் இரண்டு கிளை வழிகள் இருக்கின்றன. ஒன்று, இணைப் பரிமாற்றம். உங்கள் கொடையாளர் இன்னொருவருக்குத் தருவார். அவருடைய கொடையாளர் உங்களுக்குத் தருவார். 1986இல் யோசனையாக எழுதப்பட்டு, 1991இல் தென் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று, ரத்த வகை பொருந்தாமலே செய்வது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றி, கூடுதல் மருந்து கொடுத்து எதிர்ப்பொருட்களைக் குறைத்துவிட்டுப் பொருத்துவார்கள். முதலாவதில் காத்திருப்பு அதிகம், மருந்துச் சுமை குறைவு. இரண்டாவதில் சீக்கிரம் முடியலாம், தொற்று அபாயம் கூடும். பரிமாற்றத் திட்டத்தில் சேர வழியிருந்தால், உடல் தாங்கும்வரை சில மாதம் அதை முயன்றுவிட்டுத்தான் இரண்டாவதற்குப் போவேன்.

கொடையாளர் சோதனை நடக்கும்போதே பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள், விதிகள் இடம் கொடுத்தால். அக்காவை மட்டும் நம்பிப் பட்டியலைத் தள்ளிப்போட்டது என் இரண்டாவது தவறு.

சோதனைகளின் வரிசை

சில மையங்களில் ஓரிரு நாளில் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுவார்கள். சிலவற்றில் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக நடக்கும். மொத்தமாக முடிப்பது உடம்பை அலுக்கவைக்கும், மனதுக்கு நல்லது. ஒவ்வொன்றாகச் செய்தால் ஒவ்வொரு முடிவுக்கும் தனியாகப் பயந்து சாக வேண்டும். தேர்ந்தெடுக்க முடிந்தால் மொத்தமாகவே செய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால், எது தடையாகக்கூடுமோ அது முதலில். இதயம் சந்தேகமாக இருக்கும்போது குடல் உள்நோக்கிச் சோதனைக்கு அலைவதில் பொருளில்லை. புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றின் பக்கவாட்டில், இடுப்புப் பகுதி ரத்தக்குழாய்களோடு இணைப்பார்கள். பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஆகையால் அந்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பதையும் சர்க்கரை நோயாளிகள் முன்னதாகவே பார்த்துவிடுவது நல்லது.

நாள் பிடிப்பவற்றை முதல் நாளே தொடங்குங்கள். பல்லில் சீழ் இருந்தால் அறுவை நிற்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குப் பல தவணைகள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை மாற்றுக்குப் பிறகு போட முடியாது. அதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முடித்திருக்க வேண்டும். புகையை விடுவதும் எடையைக் குறைப்பதும் இதே பட்டியலில்தான்.

ஒரு ஃபைலும் ஒரு ஆளும் கூட வேண்டும். உங்கள் மேல் அதிகம் பாசம் வைத்தவரைவிட, நன்றாகக் குறிப்பெடுப்பவரை அழைத்துப் போங்கள்.

நல்ல பிள்ளையாக நடிப்பதா?

சமூகப் பணியாளரும் மனநல நிபுணரும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல இருக்கும். இந்தப் பயத்துக்கு வரலாற்றில் ஒரு வேர் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் டயாலிசிஸ் இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தபோது, யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமர்ந்தது. மதகுரு, வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி என்று சாதாரண மனிதர்கள். நோயாளியின் வருமானம், படிப்பு, குடும்பம், கோயிலுக்குப் போகிறாரா என்பதைக்கூட எடைபோட்டார்கள். 1962இல் அது பத்திரிகையில் வெளிவந்து பெரும் விவாதமானது.

இன்று கேட்பது வேறு. மாத்திரையைத் தவறவிடுவீர்களா, டயாலிசிஸுக்கு வராமல் இருந்ததுண்டா, அறுவைக்குப் பின் முதல் சில வாரம் கூட யார் இருப்பார், மது, புகை, மனச்சோர்வு. நல்ல பிள்ளை வேடம் போடலாம்தான். ஆனால் மாத்திரையைத் தவறவிட்டால் ரத்தத்தில் ஏறும் பாஸ்பரஸ் அளவும், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறிய எடையும் உங்களைக் காட்டிக்கொடுக்கும். புகையை விட்டுவிட்டேன் என்று சொன்னால், நிகோட்டின் உடம்பில் விட்டுச்செல்லும் தடயத்தைப் பார்க்கும் கோட்டினின் சோதனை இருக்கிறது. இரவு மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். பெயரை அடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன்; மருந்தாளுநரோடு அரை மணி நேரமும், நாள் வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியும் கிடைத்தன. மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை அந்தச் சிறுநீரகம் உழைக்கும் காலம் முழுவதும் நேரம் தவறாமல் போட வேண்டும். மறதியை இப்போதே சொல்லிவிடுவது மலிவு.

'இப்போதைக்கு இல்லை' என்றால்

முதலில் அந்த 'இப்போதைக்கு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். உடல் நிறை எண் 35-க்கு மேல் போனால் பல மையங்கள் தயங்கும், சில 40 வரை ஏற்கும். காசநோய் தாக்கியிருந்தால் சிகிச்சை முடிய வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தால் சில மாதம் பொறுக்க வேண்டும். புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கு எல்லா வகைக்கும் ஒரே காத்திருப்புக் காலம் என்று இல்லை; நோயின் வகையையும் கட்டத்தையும் பொறுத்து மாறும். எந்த எண்ணை எட்ட வேண்டும், எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'இல்லை' என்றே சொன்னால் இன்னொரு மையத்தில் கேட்பதில் தவறேயில்லை. அளவுகோல்கள் மையத்துக்கு மையம் மாறுகின்றன. வயது ஒன்றையே காரணமாகச் சொன்னால் கட்டாயம் கேளுங்கள். கேடிகோ வழிகாட்டியும் வயதை மட்டும் வைத்து ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆனால் மூன்றாவது மையமும் அதே காரணத்தைச் சொன்னால் அலைச்சலை நிறுத்தலாம். மாற்று செய்த முதல் சில வாரங்களில் உயிராபத்து டயாலிசிஸில் தொடர்வதைவிட அதிகம். மாதங்கள் கடந்த பிறகே அது தலைகீழாகிறது. உடல் மிகத் தளர்ந்தவருக்கு அந்த முதல் வாரங்களே தாண்ட முடியாத ஆறு. அவர்களுக்கு டயாலிசிஸைச் சௌகரியமாக்கிக்கொள்வது, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வது, டயாலிசிஸே இல்லாமல் வலி குறைக்கும் பராமரிப்பு ஆகியவையும் மதிப்பான முடிவுகள்தான். பரிசோதனைக்குப் போய்விட்டு இதைத் தேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். நிம்மதியாகவே இருக்கிறார்கள்.

பட்டியலில் ஏறிய பிறகும் வேலை ஓயாது. எதிர்ப்பொருள் பார்க்கக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த மாதிரி போக வேண்டும். இதயச் சோதனைகள் மறுபடி வரும். காய்ச்சலோ புண்ணோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். பெயரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள், பட்டியலிலிருந்து எடுத்துவிட மாட்டார்கள். தொலைபேசியை அணைக்கக் கூடாது.

எனக்கு ஒருமுறை அழைப்பு வந்தது, இரவு ஒன்றரை மணிக்கு. முதல் நபருக்குப் பொருந்தாவிட்டால் எனக்கு என்றார்கள். அக்காதான் கூட வந்தாள், ஃபைலோடு. விடியும்போது முதல் நபருக்கே பொருந்திவிட்டது என்று தெரிந்தது. வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். அன்று என் டயாலிசிஸ் நாள். நேராக அங்கே போய்விட்டேன்.